கேமும் எடிட்டிங்கும் ஒரே கம்ப்யூட்டரில்: பட்ஜெட்டைப் பிரிப்பது எப்படி?

பிளஸ் டூ முடித்த பையன் கேம் விளையாட வேண்டும் என்கிறான். அவன் அக்காவுக்குத் தன் சமையல் வீடியோக்களை வெட்டி ஒட்டி யூடியூபில் போட வேண்டும். வீட்டில் வாங்கப் போவது ஒரே ஒரு கம்ப்யூட்டர். பணமும் அளவோடுதான் இருக்கிறது. இப்படிப் பல வீடுகளில் பேச்சு நடக்கும். கடைக்குப் போனால், "ஐ7 ப்ராசசர், 16 ஜி.பி. ராம், 1 டி.பி. டிஸ்க், எல்லாம் இருக்கு சார்" என்று ஒரு கொட்டேஷன் கைக்கு வரும். படிக்கப் பெரிதாகத்தான் இருக்கும். ஆனால் வீட்டுக்கு வந்து கேமைப் போட்டால் திரை திக்கித் திக்கி ஓடும். வீடியோவைத் திறந்தால் கர்சர் சுற்றிக்கொண்டே இருக்கும்.

காரணம், கொட்டேஷனில் பெரிய எழுத்தில் இருக்கும் பாகங்கள் வேறு. உங்கள் வேலைக்கு உண்மையில் தேவைப்படும் பாகங்கள் வேறு. பணம் குறைவாக இருக்கும்போது எதை வாங்குவது என்பதைவிட, எந்தப் பாகத்துக்கு எவ்வளவு ஒதுக்குவது என்பதே முக்கியம். அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். விலைகள் வாரத்துக்கு வாரம் மாறுவதால் ரூபாய்க் கணக்கைத் தவிர்த்து, விகிதக் கணக்காகத் தருகிறேன்.

எந்த வேலை எந்தப் பாகத்துக்கு?

முதலில் கேம். சாதாரண ஃபுல் எச்.டி. மானிட்டரில் 1920 x 1080 புள்ளிகள் உள்ளன. அதாவது 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள். விநாடிக்கு 60 படங்கள் வந்தால்தான் ஆட்டம் தடங்கலின்றித் தெரியும். அப்படியானால் ஒரு படத்தை வரையக் கிடைக்கும் நேரம் 17 மில்லி விநாடிக்கும் குறைவு. எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எங்கே பாய்கிறது என்று கணக்குப் போடுவது ப்ராசசர். அந்தக் கணக்கை வைத்துப் புள்ளிகள் அனைத்துக்கும் வண்ணம் தீட்டுவது கிராபிக்ஸ் கார்டு. பெரும்பாலான கேம்களில் முதலில் மூச்சு வாங்குவது கிராபிக்ஸ் கார்டுதான்.

எடிட்டிங் வேறு மாதிரி. உங்கள் செல்போன் எடுக்கும் வீடியோ மிகவும் சுருக்கிப் பதிவு செய்யப்படுகிறது. இன்று பல போன்கள் எச்.இ.வி.சி. என்ற முறையில் சுருக்குகின்றன. இதில் எல்லாப் படங்களும் முழுதாகப் பதிவாவதில்லை. ஒரு முழுப் படம். அடுத்து வருபவற்றில் என்ன மாறியது என்ற குறிப்பு மட்டும். எனவே நடுவில் ஒரு இடத்தைக் கிளிக் செய்தால், கம்ப்யூட்டர் முன்னால் உள்ள முழுப் படத்தைத் தேடி எடுத்து, குறிப்புகளை வரிசையாகச் சேர்த்து, அந்தப் படத்தை உருவாக்கித் தர வேண்டும். இப்படி விரிப்பதற்கென்றே கிராபிக்ஸ் சிப்பினுள் தனிப் பகுதி இருக்கும். அது இல்லாவிட்டால் முழுப் பாரமும் ப்ராசசர் மேல் விழும். கூடவே, விரித்த படங்களை வைத்திருக்க ராமும், ஃபைல்களை விரைவாகப் படிக்க நல்ல டிஸ்க்கும் வேண்டும்.

நூறு ரூபாய் கணக்கு

மானிட்டர், கீபோர்டு, மவுஸ், யு.பி.எஸ். நீங்கலாக, கேபினட்டுக்குள் போகும் பாகங்களுக்கு மட்டும் உங்களிடம் நூறு ரூபாய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். என்னிடம் கேட்கும் நண்பர்களுக்கு நான் சொல்லும் பங்கீடு இதுதான்.

கேம் முக்கியம் என்றால்: கிராபிக்ஸ் கார்டு 35, ப்ராசசர் 17, ராம் 14, மதர்போர்டு 11, எஸ்.எஸ்.டி. 9, எஸ்.எம்.பி.எஸ். 8, கேபினட் 6.

எடிட்டிங் முக்கியம் என்றால்: கிராபிக்ஸ் கார்டு 22, ராம் 21, ப்ராசசர் 20, எஸ்.எஸ்.டி.யும் ஹார்ட் டிஸ்க்கும் சேர்த்து 13, மதர்போர்டு 11, எஸ்.எம்.பி.எஸ். 7, கேபினட் 6.

ஒன்றைக் கவனித்தீர்களா? மதர்போர்டு, எஸ்.எம்.பி.எஸ்., கேபினட் ஆகிய மூன்றும் இரண்டு பட்டியலிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன. மாறுவது மற்றவைதான். ராமின் பங்கு முன்பு இதைவிடக் குறைவாக இருந்தது. ஏ.ஐ. டேட்டா சென்டர்களுக்காக மெமரி சிப்கள் மொத்தமாகப் போனதால் 2025 இறுதியில் ராம் விலை கடுமையாக ஏறியது. எனவே நீங்கள் வாங்கும் வாரத்தில் ராம் விலையை முதலில் கேட்டுவிட்டு மற்றவற்றைப் பிரியுங்கள்.

ப்ராசசர்: பெயரை விட்டு எண்ணைப் பாருங்கள்

"ஐ7" என்று கேட்டதும் மயங்கிவிட வேண்டாம். ஐ7-2600 என்ற ப்ராசசர் 2011-இல் வந்தது. ஐ3-12100 வந்தது 2022-இல். இரண்டிலும் 4 கோர்கள், 8 த்ரெட்கள்தான். ஆனால் பின்னால் வந்த ஐ3, முன்னால் வந்த ஐ7-ஐ எளிதாக ஓரங்கட்டிவிடும். இந்த வகை இன்டெல் எண்களில் கடைசி மூன்று இலக்கங்களை மூடிவிட்டு முன்னால் இருப்பதைப் படியுங்கள். 2600 என்றால் 2-ஆம் தலைமுறை. 12400 என்றால் 12-ஆம் தலைமுறை. தலைமுறையைச் சொல்லாமல் ஐ5, ஐ7 என்று மட்டும் எழுதியிருக்கும் கொட்டேஷனைத் திருப்பிக் கொடுத்து முழு எண்ணையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தும் முக்கியம். ஐ5-12400 ப்ராசசரில் உள்ளேயே ஒரு சிறிய கிராபிக்ஸ் பகுதி இருக்கிறது. ஐ5-12400எஃப் ப்ராசசரில் அது கிடையாது. கேம் மட்டும் என்றால் எஃப் வாங்கி மிச்சத்தைக் கிராபிக்ஸ் கார்டில் போடலாம். எடிட்டிங்கும் உண்டு என்றால் எஃப் இல்லாததே நல்லது. அந்த உள்கிராபிக்ஸில் இருக்கும் குவிக் சிங்க் என்ற பகுதி, சுருக்கிய வீடியோவை விரிப்பதில் கெட்டிக்காரன். கேமராவில் 10 பிட், 4:2:2 என்ற வகையில் பதிவு செய்பவர்களுக்கு இது இன்னும் உதவும். 12400-இன் உள்கிராபிக்ஸ் அந்த வகை எச்.இ.வி.சி. வீடியோவை விரிக்கும். என்விடியா கார்டுகளில் அந்த வசதி 2025-இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 50 வரிசையில்தான் சேர்ந்தது.

ஏ.எம்.டி.யில் ரைசன் 5 5600 கேமுக்கு நல்ல ப்ராசசர்; 6 கோர், 12 த்ரெட். ஆனால் இதில் உள்கிராபிக்ஸ் இல்லை. தனிக் கார்டு போடாவிட்டால் திரையில் ஒன்றும் வராது. ரைசன் 5 5600ஜி-யில் உள்கிராபிக்ஸ் உண்டு. இப்போது கார்டு வாங்கப் பணமில்லை, ஆறு மாதம் கழித்து வாங்கலாம் என்பவர்களுக்கு ஜி ஏற்றது. பழைய கேம்களும் எடை குறைந்த கேம்களும் அதிலேயே ஓடும். பதிலுக்கு நீங்கள் இழப்பது, 5600-இல் 32 எம்.பி. ஆக இருக்கும் எல்3 கேஷ் இதில் 16 எம்.பி. மட்டுமே.

மதர்போர்டு எடுக்கும்போது சாக்கெட்டைப் பாருங்கள். ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 சாக்கெட்டில் டி.டி.ஆர்.4 ராம் மட்டும் போகும். 2022-இல் வந்த ஏ.எம்.5 சாக்கெட்டில் டி.டி.ஆர்.5 மட்டும். இன்டெல் 12-ஆம் தலைமுறையில் இரண்டுக்கும் போர்டுகள் உள்ளன, ஆனால் டி.டி.ஆர்.4 போர்டில் டி.டி.ஆர்.5 நுழையாது. வீட்டில் பழைய டி.டி.ஆர்.4 ராம் இருந்தால் அதைப் பயன்படுத்தும் போர்டாக வாங்குவது இன்றைய ராம் விலையில் நல்ல சேமிப்பு. நாலைந்து வருடம் கழித்து ப்ராசசரை மட்டும் மாற்றும் எண்ணம் இருந்தால் ஏ.எம்.5 பக்கம் போகலாம்.

கிராபிக்ஸ் கார்டு: ஒரே பெயர், வேறு சரக்கு

பட்ஜெட்காரர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். ஆர்.டி.எக்ஸ். 3050 என்ற பெயரில் 2022-இல் 8 ஜி.பி. கார்டு வந்தது. 2024-இல் அதே பெயரில் 6 ஜி.பி. கார்டு வந்தது. குறைந்தது மெமரி மட்டுமல்ல. முதலாவதில் 2560 குடா கோர்கள், இரண்டாவதில் 2304. மெமரிப் பாதையும் 128 பிட்டிலிருந்து 96 பிட்டாகச் சுருங்கியது. பெட்டியில் பெயர் மட்டும் மாறவில்லை. 6 ஜி.பி. கார்டுக்கு ஒரு நன்மை உண்டு. 70 வாட் மட்டும் எடுப்பதால் தனி மின் இணைப்பு பெரும்பாலும் தேவையில்லை. பழைய கம்ப்யூட்டரிலும் செருகலாம். ஆனால் அதை 8 ஜி.பி. கார்டின் விலைக்கு வாங்கக் கூடாது.

இன்னொரு எடுத்துக்காட்டு ரேடியான் ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. 2022-இல் வந்த இந்தக் கார்டில் எளிய கேம்களை விளையாடலாம். ஆனால் வீடியோவைச் சுருக்கி எழுதும் என்கோடர் பகுதி இதில் இல்லவே இல்லை. எடிட் செய்த படத்தை எக்ஸ்போர்ட் செய்யும்போதும், ஆட்டத்தைப் பதிவு செய்யும்போதும் முழுச் சுமையும் ப்ராசசருக்குப் போகும். கேமுக்குச் சரியான கார்டு எடிட்டிங்குக்குத் தவறாகிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

இன்றைய புதிய கேம்களுக்கும் 4கே எடிட்டிங்குக்கும் சேர்த்து வாங்குபவர்கள் 8 ஜி.பி. மெமரிக்குக் கீழே இறங்காமல் இருப்பது நல்லது. ஆர்.டி.எக்ஸ். 4060, 5050, 5060 ஆகியவை 8 ஜி.பி. கார்டுகள். 2021-இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 3060-இல் 12 ஜி.பி. வகை உண்டு, எடிட்டிங் செய்பவர்களுக்கு அந்தக் கூடுதல் மெமரி பயன்படும். இன்டெல்லின் ஆர்க் பி580 கார்டிலும் 12 ஜி.பி. உள்ளது. ஆனால் ஆர்க் கார்டு வாங்கினால் உங்கள் மதர்போர்டில் ரீசைசபிள் பார் என்ற வசதி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேகம் வெகுவாகக் குறையும். பழைய போர்டு வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்.

ராம்: ஒன்றுக்கு இரண்டு

16 ஜி.பி. வேண்டும் என்றால் ஒரே 16 ஜி.பி. குச்சிக்குப் பதிலாக இரண்டு 8 ஜி.பி. குச்சிகள் வாங்குங்கள். ப்ராசசர் இரண்டு பாதைகளில் ஒரே நேரத்தில் படிக்கும். உள்கிராபிக்ஸில் விளையாடுபவர்களுக்கு இதனால் கிடைக்கும் வேகம் கண்ணுக்கே தெரியும். காரணம், உள்கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ராமைத்தான் பங்கு போடுகிறது. கேமுக்கும் ஃபுல் எச்.டி. எடிட்டிங்குக்கும் 16 ஜி.பி. போதும். 4கே எடிட்டிங் என்றால் 32 ஜி.பி. வேண்டும்.

3200 என்று எழுதிய ராம் வாங்கினாலும் சில போர்டுகளில் அது 2400 அல்லது 2666 வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கும். பயாஸில் எக்ஸ்.எம்.பி. என்ற அமைப்பை இயக்கினால்தான் முழு வேகம் வரும். புதிய ஏ.எம்.டி. போர்டுகளில் இதன் பெயர் எக்ஸ்போ. கடையில் அசெம்பிள் செய்யும்போதே இதைச் செய்து தரச் சொல்லுங்கள். காசு செலவில்லாத வேகம் இது.

டிஸ்க்: இரண்டு வகை, இரண்டு வேலை

விண்டோஸும் கேம்களும் எடிட் செய்யும் வீடியோவும் எஸ்.எஸ்.டி.யில் இருக்க வேண்டும். 2023-இல் வந்த ஸ்டார்ஃபீல்டு கேமின் குறைந்தபட்சத் தேவைப் பட்டியலிலேயே எஸ்.எஸ்.டி.யும் 125 ஜி.பி. இடமும் கேட்கப்பட்டுள்ளன. எனவே 500 ஜி.பி. விரைவில் நிரம்பிவிடும், முடிந்தால் 1 டி.பி. வாங்குங்கள். எம்.2 என்பது வடிவத்தின் பெயர்தான். அதே வடிவத்தில் சாட்டா வகையும் உண்டு, என்.வி.எம்.இ. வகையும் உண்டு. சாட்டா விநாடிக்குச் சுமார் 550 எம்.பி.யில் நின்றுவிடும். என்.வி.எம்.இ. அதைப்போலப் பல மடங்கு போகும். பில்லில் என்.வி.எம்.இ. என்று எழுதி வாங்குங்கள்.

முடித்த வீடியோக்களைச் சேமிக்கச் சாதாரண ஹார்ட் டிஸ்க் போதும். ஐபோனில் 4கே, விநாடிக்கு 30 படங்கள் என்று எச்.இ.வி.சி. முறையில் எடுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 170 எம்.பி. ஆகிறது. ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 10 ஜி.பி. உங்கள் வீடியோ எவ்வளவு சேரும் என்று இதை வைத்தே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

எஸ்.எம்.பி.எஸ்.: கண்ணுக்குத் தெரியாத பாகம்

பணம் போதாதபோது எல்லோரும் முதலில் கை வைப்பது எஸ்.எம்.பி.எஸ்.ஸில். "கேபினட்டோடு 450 வாட் சும்மா வருது" என்பார்கள். அதன் பக்கத்து ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரியைப் படியுங்கள். ப்ராசசரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் அந்த வரியிலிருந்துதான் மின்சாரம் எடுக்கின்றன. அங்கே 18 ஆம்பியர் என்று இருந்தால் 12 x 18 = 216 வாட். ஐ5-12400 அதிகபட்சம் 117 வாட் எடுக்கும். ஆர்.டி.எக்ஸ். 4060 எடுப்பது 115 வாட். இரண்டுமே சேர்ந்து 232 ஆகிவிட்டது. 450 என்ற ஸ்டிக்கர் அங்கேயே தோற்றுவிட்டது. ஆட்டம் சூடு பிடிக்கும் நேரத்தில் கம்ப்யூட்டர் தானாக அணைவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அணைந்தால் தப்பித்தோம், மட்டமான எஸ்.எம்.பி.எஸ். எரியும்போது மதர்போர்டையும் கிராபிக்ஸ் கார்டையும் சேர்த்துக் கொண்டுபோகலாம். ஆர்.டி.எக்ஸ். 4060-க்கு என்விடியா சொல்லும் அளவு 550 வாட். 80 பிளஸ் முத்திரையுள்ள, வாரண்டி உள்ள 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். இந்த பட்ஜெட்டுக்குச் சரி.

யு.பி.எஸ்.ஸிலும் இதே கணக்கு. 600 வி.ஏ. என்று விற்கும் பல யு.பி.எஸ்.கள் தாங்குவது 360 வாட்தான். மேலே சொன்ன 232 வாட்டுடன் போர்டு, டிஸ்க், ஃபேன் ஆகியவற்றுக்கு 50 சேர்த்தால் 280-ஐத் தாண்டும். எஸ்.எம்.பி.எஸ்.ஸில் வீணாவதையும் மானிட்டரையும் சேர்த்தால் 360-ஐத் தொட்டுவிடும். விளையாடும்போது கரண்ட் போனால் யு.பி.எஸ். கத்திவிட்டுக் கைவிடும். 1000 வி.ஏ.க்கு மேல், வாட் எண்ணையும் பார்த்து வாங்குங்கள். வீட்டு பிளக் பாயிண்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

கேபினட்டில் வண்ண விளக்கைவிட முன்பக்கம் வலை இருப்பது முக்கியம். முன்னால் கண்ணாடி மூடிய கேபினட் நம் ஊர் மே மாத வெயிலில் அடுப்பாகிவிடும்.

செலவில்லாமல் எடிட்டிங் வேகம்

டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பு 3840 x 2160 அளவு வரை எக்ஸ்போர்ட் செய்யும். வீட்டு உபயோகத்துக்கு இது தாராளம். இது கிராபிக்ஸ் கார்டை நிறையப் பயன்படுத்தும். பழைய கம்ப்யூட்டர் என்றால் ஷாட்கட், கேடன்லைவ் ஆகிய இலவச மென்பொருள்களை முயன்று பார்க்கலாம்.

4கே வீடியோ திணறினால் உடனே புதுக் கார்டு வாங்க ஓட வேண்டாம். ப்ராக்ஸி என்ற வசதியைப் பயன்படுத்துங்கள். மென்பொருள் உங்கள் வீடியோவுக்குச் சிறிய அளவில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளும். நீங்கள் வெட்டுவதும் ஒட்டுவதும் அந்த நகலில். கடைசியில் எக்ஸ்போர்ட் செய்யும்போது அசல் வீடியோவை எடுத்துக்கொள்ளும். தரம் குறையாது. ரிசால்விலும் பிரிமியர் ப்ரோவிலும் இந்த வசதி உண்டு.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

வாங்கலாம், பார்த்து வாங்க வேண்டும். எதீரியம் நாணயத்தைத் தோண்டும் வேலை 2022 செப்டம்பரில் நின்றது. அதன்பின் இரவும் பகலும் உழைத்த கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. பழைய கார்டு என்றால் கடையிலேயே அரை மணி நேரம் கேம் ஓட்டிப் பாருங்கள். ஜி.பி.யு.-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டினால், பயாஸ் மாற்றிப் பெயரை ஏற்றிய போலி என்விடியா கார்டுகள் பலவற்றைக் காட்டிக்கொடுக்கும். எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் ஹார்ட் டிஸ்க்கையும் மட்டும் பழையதாக வாங்காதீர்கள்.

பழைய ப்ராசசரில் இன்னொரு சிக்கல். விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பின் வந்தவை வேண்டும், டி.பி.எம். 2.0 வேண்டும். விண்டோஸ் 11-இல் வேலரன்ட் விளையாட டி.பி.எம்.மும் செக்யூர் பூட்டும் இயங்க வேண்டும். மலிவாகக் கிடைக்கும் பழைய ஐ7-இன் ஆயுள் இங்கேதான் முடிகிறது.

கடையில் செய்ய வேண்டியவை

சென்னை ரிச்சி தெருவோ உங்கள் ஊர்க் கடையோ, குறைந்தது மூன்று இடங்களில் கொட்டேஷன் வாங்குங்கள். ஒவ்வொரு பாகத்தின் முழு மாடல் எண்ணும் அதில் இருக்கட்டும். பில்லில் சீரியல் எண்கள் இருக்கின்றனவா, வாரண்டி எத்தனை வருடம், பழுதானால் கடையில் கொடுப்பதா, சர்வீஸ் சென்டருக்கு நாமே போவதா என்று கேளுங்கள். பெட்டிகளைத் தூக்கி எறியாதீர்கள், வாரண்டிக்குத் தேவைப்படலாம்.

வீட்டில் இணைக்கும்போது மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகாமல் கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள். கார்டு வாங்கியும் கேம் ஓடவில்லை என்று சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

எதைத் தள்ளிப்போடலாம்?

கணக்குப் போட்டும் பணம் துண்டு விழுகிறதா? ஹார்ட் டிஸ்க், இரண்டாவது எஸ்.எஸ்.டி., வண்ண விளக்கு ஃபேன், நல்ல ஸ்பீக்கர் எல்லாம் பிறகு வரலாம். போர்டில் நான்கு ராம் ஸ்லாட் இருந்தால் இரண்டு குச்சியோடு தொடங்கலாம். உள்கிராபிக்ஸ் உள்ள ப்ராசசர் வாங்கியிருந்தால் கிராபிக்ஸ் கார்டும்கூட அடுத்த தீபாவளி போனஸ் வரை காத்திருக்கும். ஆனால் மதர்போர்டும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் முதல் நாளே சரியாக இருக்க வேண்டும். பின்னால் வாங்கும் ஒவ்வொரு பாகமும் இந்த இரண்டின் மேல்தான் உட்காரப் போகிறது. இந்த இரண்டுக்கும் ஒதுக்கிய பணத்தில் கை வைக்காமல் மற்றவற்றைப் பேரம் பேசுங்கள்.